இரண்டு மைக்ரோபிட், ஒரு நடமாட்ட சென்சார்: கம்பியில்லாமல் எச்சரிக்கை அனுப்ப முழுமையான வழிகாட்டி

ஓரிடத்தில் யாராவது நடந்து போனால் வேறு அறையில் இருக்கும் மைக்ரோபிட் போர்டு (புரோகிராம் ஏற்றக்கூடிய கையடக்கமான சிறு கணினிப் பலகை) ஒலி எழுப்ப வேண்டும். இடையில் கம்பி கூடாது. பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மேசை மேல் வைத்து ஓட்டிக் காட்டுவது வரை யாருக்கும் பெரிய சிரமம் வருவதில்லை. கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு நாள் எச்சரிக்கை எதுவும் வராது, யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். போய்ப் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஒரு கிளிப் கழன்று தொங்கும்.

எச்சரிக்கை வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ஆள் வரவில்லை, அல்லது கருவி நின்றுவிட்டது. பெறும் போர்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் அதை நம்பி எதையும் செய்ய முடியாது. கீழே உள்ள படிகளில் பாதி வெறும் எச்சரிக்கை அனுப்புவதற்கு. மீதிப் பாதி இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்கு. இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள்.

புரோகிராம் எழுத மேக்கோட் என்ற இணையதளத்தின் பிளாக்குகளை (இழுத்து ஒட்டும் கட்டளைத் துண்டுகளை) மனதில் வைத்துச் சொல்கிறேன். மைக்ரோபைத்தான் மொழியில் எழுதினாலும் வரிசையும் காரணங்களும் இவைதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோபிட் போர்டு இரண்டு வேண்டும். பழைய வி1, புதிய வி2 எதுவாக இருந்தாலும் சரி. ஒன்றோடொன்று ரேடியோவில் பேசும். வி2-வில் ஸ்பீக்கர் உள்ளேயே இருப்பதால் அதைப் பெறும் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வி1 மட்டும்தான் இருக்கிறது என்றால் பின் 0-க்கும் (‘பின்’ என்பது போர்டின் விளிம்பில் வயர் மாட்டும் இடம்) கிரவுண்டுக்கும் (GND என்று எழுதியிருக்கும் மைனஸ் முனை) இடையே ஒரு சிறிய பஸ்ஸர் வேண்டும்.

சென்சாருக்கு ஏஎம்312 என்ற சிறிய பி.ஐ.ஆர் சென்சாரை (உடல் வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டறிவது) பரிந்துரைக்கிறேன். அது 2.7 வோல்ட்டிலிருந்து வேலை செய்யும். மைக்ரோபிட்டின் 3 வோல்ட் பின்னிலிருந்தே மின்சாரம் கொடுத்துவிடலாம். திருப்பிச் சரிசெய்ய வேண்டிய குமிழ் எதுவும் கிடையாது. மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பார்க்கும். ஆளைக் கண்டதும் வெளியீட்டை ஏறக்குறைய இரண்டு வினாடி உயர்த்திப் பிடிக்கும், போர்டு அதை 1 என்று படிக்கும்.

பலர் கையில் ஏற்கெனவே இருப்பது எச்.சி-எஸ்.ஆர்501, வெள்ளைக் குமிழ்மூடி போட்ட பெரிய சென்சார். அதற்கு 5 வோல்ட் வேண்டும். மைக்ரோபிட்டின் 3 வோல்ட்டில் மாட்டினால் சில சமயம் வேலை செய்வது போலத் தெரியும், பிறகு தாறுமாறாகத் தூண்டப்படும். புதியவர்கள் மணிக்கணக்கில் புரோகிராமைக் குற்றம் சொல்லும் இடம் இது. அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். அந்த மின்மூலத்தின் கிரவுண்டையும் மைக்ரோபிட்டின் கிரவுண்டையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான தரை இல்லாவிட்டால் சென்சார் எதை ‘உயர்வு’ என்கிறது என்று போர்டுக்குத் தெரியாது. சென்சாரின் வெளியீடு 3.3 வோல்ட்தான் என்பதால் அதை நேரே பின்னில் இணைக்கலாம்.

இவை தவிர, ஒரு முனையில் முதலை கிளிப்பும் மறுமுனையில் பெண் ஜம்பரும் உள்ள வயர் மூன்று, டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள் ஒன்று, ஒட்டுத்தாள், பேனா. சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை மாட்டிவிட்டு கணினியில் போர்டு தெரியவில்லை என்று தேடுவது வழக்கமாக நடக்கிறது. போர்டில் விளக்கு எரிவதால் கேபிள் மேல் சந்தேகம் வராது. அதனால் கேபிளை முதலிலேயே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. போர்டுகளுக்குப் பெயர் ஒட்டுங்கள்

ஒன்றில் ‘அனுப்புவது’, மற்றதில் ‘பெறுவது’ என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டுக்கும் வேறு வேறு புரோகிராம். பத்தாவது முறை மாற்றி ஏற்றும்போது கை தவறாகப் போகும். கணினியில் கோப்புகளுக்கும் அதே பெயர்களை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு போர்டு மட்டுமே கணினியில் செருகியிருக்கட்டும்.

3. முதலில் ரேடியோ மட்டும்

சென்சாரை இன்னும் தொட வேண்டாம். பி.ஐ.ஆர் எப்போது தூண்டப்படும் என்பது நம் கையில் இல்லை. பட்டன் நம் கையில் இருக்கிறது. பட்டனை அழுத்தியும் செய்தி போகவில்லை என்றால் கோளாறு ரேடியோவில்தான். சென்சாரையும் சேர்த்து மாட்டிவிட்டால் எது தவறு என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வோம்.

இரண்டு புரோகிராமிலும், தொடக்கத்தில் ஓடும் பிளாக்கில் மூன்று விஷயங்களை அமையுங்கள்.

குழு எண்: 0 முதல் 255 வரை எதுவும் இருக்கலாம். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எல்லோரும் 1 என்று வைப்பதால், பக்கத்தில் வேறு யாராவது மைக்ரோபிட் வைத்திருந்தால் அவர்களுடைய செய்தி உங்களுக்கு வரும். 173 போல ஏதாவது வையுங்கள். குழு எண்ணை அமைக்காமலே விட்டால் மேக்கோட் புரோகிராமைப் பொறுத்துத் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். இரண்டு போர்டிலும் ஒரே புரோகிராம் இருந்தால் பேசிக்கொள்ளும். வேறு வேறு புரோகிராம் ஏற்றியதும் பேச்சு நின்றுவிடும். ‘நேற்று எடுத்துக்காட்டுப் புரோகிராம் போட்டபோது வேலை செய்தது, இன்று என் புரோகிராமில் இல்லை’ என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான்.

அலைவரிசை: மைக்ரோபிட் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அமைப்பில் 0 முதல் 83 வரை எண் கொடுக்கலாம். 2400 மெகாஹெர்ட்ஸோடு அந்த எண்ணைக் கூட்டினால் கிடைப்பது உண்மையான அலைவரிசை. இயல்பாக இருப்பது 7, அதாவது 2407. வைஃபையின் முதல் சேனல் 2401-லிருந்து 2423 வரை பரவியிருப்பதால் 7 அதற்குள்ளேயே விழுகிறது. வைஃபை நெரிசல் உள்ள இடத்தில் 80 வையுங்கள். 2480 மெகாஹெர்ட்ஸ் வைஃபையின் 1 முதல் 11 வரையிலான சேனல்களுக்கு வெளியே இருக்கிறது. இதையும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் முழு அமைதிதான்.

ஒலிபரப்பு வலிமை: 0 முதல் 7 வரை. இரண்டிலும் 7 வையுங்கள். அனுப்பும் போர்டில் மட்டும் கூட்டினால் போதாது, ஏனென்றால் பின்னால் பெறும் போர்டும் பதில் அனுப்பப் போகிறது.

இனி அனுப்பும் போர்டில்: பட்டன் ஏ அழுத்தினால் எண் 11-ஐ ரேடியோவில் அனுப்பு. பெறும் போர்டில்: ரேடியோவில் எண் வந்ததும் திரையில் ஒரு குறி காட்டு. 11 ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

மேசையில் வேலை செய்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் கடைசியில் எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்துச் சோதியுங்கள். தடையில்லாத திறந்த வெளியில் வலிமை 7-ல் 70 மீட்டர் வரை எட்டும். சுவர், இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதைக் குறைத்துவிடும். மனித உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். போர்டைக் கையில் மூடிப் பிடித்துக்கொண்டு தூரம் அளக்காதீர்கள்.

வந்த செய்தியின் சிக்னல் வலிமையைப் பெறும் போர்டில் எண்ணாகக் காட்டலாம். அது எதிர்மறை எண். -42 மிக நல்லது, -128 மிக மோசம். பட்டனை இருபது முறை அழுத்தி எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணுங்கள். இருபதில் பதினாறுக்குக் கீழே வந்தால் போர்டின் இடத்தை மாற்றுங்கள். ஆன்டெனா போர்டின் மேல் மூலையில் இருக்கிறது. அந்த மூலை உலோகத்தை ஒட்டாமல் இருந்தாலே பல சமயம் நிலைமை மாறிவிடும்.

ப்ளூடூத் எக்ஸ்டென்ஷனை அதே புரோகிராமில் சேர்த்தால் இந்த ரேடியோ பிளாக்குகள் கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான்.

4. பிறகு சென்சார் மட்டும்

மின்சாரத்தை எடுத்துவிட்டு வயர் மாட்டுங்கள். சென்சாரின் பிளஸ், போர்டின் 3 வோல்ட்டுக்கு (எச்.சி-எஸ்.ஆர்501 என்றால் தனி 5 வோல்ட்டுக்கு), மைனஸ், கிரவுண்டுக்கு, நடுவில் இருக்கும் வெளியீடு, பின் 1-க்கு. எழுத்துகளைச் சென்சாரின் பின்புறம் பார்த்துப் படியுங்கள், இணையப் படத்தைப் பார்த்து மாட்டாதீர்கள். எச்.சி-எஸ்.ஆர்501-இல் எழுத்துகள் லென்ஸுக்கு அடியில் மறைந்திருக்கும். லென்ஸை மெதுவாகக் கழற்றினால் தெரியும். வெவ்வேறு தயாரிப்புகளில் பிளஸும் மைனஸும் இடம் மாறி வருவதுண்டு.

முதலை கிளிப்பைச் சாய்வாகக் கவ்வவிட்டால் பக்கத்துச் சிறிய பின்களையும் தொடும். துளைக்கு நேராக, போர்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். 3 வோல்ட்டும் கிரவுண்டும் அடுத்தடுத்து இருப்பதால் அந்த இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொடாதபடி இன்னும் கவனமாக மாட்டுங்கள்.

பின் 0 இருக்கும்போது பின் 1 ஏன்? மேக்கோட்டின் இசை பிளாக்குகள் இயல்பாகவே பின் 0-க்கு ஒலியை அனுப்பும். சென்சார் அங்கே இருக்கும்போது சோதனைக்காக ஒரு பீப் சேர்த்தால்கூட இரண்டும் மோதிக்கொள்ளும். பின் 1-இல் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, ‘பின் 1 அழுத்தப்பட்டால்’ என்ற பிளாக்கை எடுக்காதீர்கள். பெயரைப் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றும். அது விரலால் பின்னையும் கிரவுண்டையும் இணைப்பதற்கானது, பி.ஐ.ஆர் கொடுக்கும் உயர்வு தாழ்வுக்கு அது தலைகீழாக நடந்துகொள்ளும். நமக்கு வேண்டியது ‘பின் 1-இன் டிஜிட்டல் மதிப்பைப் படி’ என்ற பிளாக். தொடக்கத்தில் பின் 1-ஐக் ‘கீழ்நோக்கி இழு’ என்றும் அமையுங்கள். அப்போதுதான் வயர் கழன்றால் பின் காற்றில் தொங்கி 0, 1 என்று ஆடாமல் 0-வில் நிற்கும்.

இப்போதைக்கு எப்போதும் ஓடும் லூப்பில் ஒரே வேலை: பின் 1-இல் 1 இருந்தால் திரையின் நடுப்புள்ளியை எரியவிடு, இல்லையென்றால் அணை.

மின்சாரம் கொடுத்தவுடன் சோதிக்க ஆரம்பிக்காதீர்கள். பி.ஐ.ஆர் தன் சுற்றுப்புற வெப்பத்துக்குப் பழக ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும், அதுவரை காரணமில்லாமல் தூண்டப்படும். ஒரு நிமிடம் தள்ளி நின்று, பிறகு சென்சாரின் முன்னால் குறுக்கே நடந்து பாருங்கள்.

5. ஒரு நடமாட்டத்துக்கு ஒரே செய்தி

இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன, இனி சேர்க்கலாம். ‘பின் 1-இல் 1 இருந்தால் செய்தி அனுப்பு’ என்று அப்படியே எழுதுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. லூப் வினாடிக்குப் பல முறை சுற்றும், சென்சாரோ இரண்டு வினாடி 1-லேயே நிற்கும். ஒரே ஆளுக்கு டஜன் கணக்கில் செய்தி போகும். எச்.சி-எஸ்.ஆர்501-இல் நேரக் குமிழை முழுவதும் திருப்பி வைத்திருந்தால் நிமிடக் கணக்கில் போகும்.

நமக்கு வேண்டியது 1 என்ற நிலை அல்ல, 0-விலிருந்து 1-க்கு மாறும் கணம். அதற்கு ‘முந்தைய’ என்று ஒரு மாறி (மதிப்பை நினைவில் வைத்திருக்கும் பெயர்) வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பின்னைப் படியுங்கள். இப்போது 1, முந்தைய மதிப்பு 0 என்றால் அனுப்புங்கள். சுற்றின் கடைசியில், அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், இப்போதைய மதிப்பை ‘முந்தைய’ மாறியில் போடுங்கள். இந்தக் கடைசி வரியை நிபந்தனைக்கு உள்ளே போட்டுவிட்டால் முதல் ஆளுக்குப் பிறகு செய்தியே போகாது.

இதே இடத்தில் முதல் நிமிடப் பிரச்சினையையும் தீர்த்துவிடலாம். போர்டு இயங்கத் தொடங்கி 60,000 மில்லிவினாடி தாண்டியிருந்தால் மட்டுமே அனுப்பு என்று நிபந்தனையில் சேருங்கள். அறுபது வினாடி காத்திருக்கும் பிளாக்கைத் தொடக்கத்தில் போடுவதைவிட இது நல்லது. காத்திருக்கும் நேரத்தில் மற்ற வேலைகள் தடைபடாது.

6. செய்திக்கு எண் முறை

எழுத்தாக அனுப்பலாம்தான். எண் சிறியது, ஒப்பிடுவதில் எழுத்துப் பிழைக்கு இடமில்லை, பின்னால் கணக்கு போட்டுப் பிரிக்கலாம். நான் வைக்கும் முறை இது: பத்தாம் இடம் எந்த அனுப்பி என்பதைச் சொல்லும், ஒன்றாம் இடம் என்ன செய்தி என்பதைச் சொல்லும். 1 என்றால் நடமாட்டம், 2 என்றால் ‘உயிரோடு இருக்கிறேன்’, 3 என்றால் ‘வந்து சேர்ந்தது’. முதல் அனுப்பியின் நடமாட்டச் செய்தி 11, உயிர்ச் செய்தி 12, 11-க்குப் பெறும் போர்டு தரும் பதில் 13.

7. போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்

மைக்ரோபிட்டின் ரேடியோ செய்தியைக் காற்றில் விட்டுவிடும், அவ்வளவுதான். யாராவது கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. செய்தி தொலைந்தால் எந்தப் பக்கமும் தகவல் வராது. அதனால் பதில் முறையை நாமே கட்ட வேண்டும்.

பெறும் போர்டு 11 வந்ததும் உடனே 13 அனுப்பட்டும். அனுப்பும் போர்டில் ‘பதில் வந்தது’ என்று ஒரு மாறி. 13 வந்தால் அது 1 ஆகும். நடமாட்டம் தெரிந்ததும் அதை 0 ஆக்கி, 11-ஐ அனுப்பி, சிறிது நேரம் காத்திருந்து, இன்னும் 0 என்றால் மறுபடி அனுப்ப வேண்டும். அதிகபட்சம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். நேரத்தை நிலையாக வைத்தால், ஒரே கணத்தில் பேசி மோதிக்கொண்ட இரண்டு போர்டு மறுபடியும் ஒரே கணத்தில் பேசி மோதும்.

பதில் தொலைந்துபோனால் அனுப்பும் போர்டு அதே 11-ஐ மீண்டும் அனுப்பும், ஒரே ஆளுக்கு இரண்டு எச்சரிக்கை வரும். அதைத் தவிர்க்க, முந்தைய 11 வந்து இரண்டு வினாடிக்குள் இன்னொரு 11 வந்தால் அதைப் பெறும் போர்டு புதிதாக எண்ணக் கூடாது. ஐந்து முயற்சியும் ஒன்றேகால் வினாடிக்குள் முடிந்துவிடும் என்பதால் இரண்டு வினாடி போதும். ஆனால் எண்ணாவிட்டாலும் பதில் அனுப்பியே ஆக வேண்டும். இரண்டாவது 11-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டால் அனுப்பும் போர்டு பதில் கிடைக்காமல் ஐந்து முறையும் முயன்று தோற்றதாக முடிவு செய்துவிடும். இந்த வரியை விட்டுவிடாதவர்களை அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஐந்து முறையும் பதில் வராவிட்டால் அனுப்பும் போர்டு தன் திரையில் பெருக்கல் குறியைக் காட்டி, பட்டன் பி அழுத்தும்வரை அப்படியே வைத்திருக்கட்டும். அங்கே அதைப் பார்க்க ஆள் இல்லை என்பது தெரியும். பிற்பாடு நீங்கள் போய்ப் பார்க்கும்போது, சென்சார் ஆளைப் பார்த்தது, ரேடியோதான் கோட்டைவிட்டது என்று அந்தக் குறி சொல்லும். பாதித் தேடல் அங்கேயே மிச்சம்.

8. உயிர்ச் செய்தி

இந்தப் படியை எழுதத்தான் இந்த வழிகாட்டியையே தொடங்கினேன்.

அனுப்பும் போர்டு முப்பது வினாடிக்கு ஒருமுறை 12-ஐ அனுப்பட்டும். மேக்கோட்டில் ‘இத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை’ என்ற பிளாக் இருக்கிறது. அதில் 30,000 கொடுங்கள். சென்சாரைப் பார்க்கும் லூப்புக்குள்ளேயே முப்பது வினாடி காத்திருக்கும் பிளாக்கைப் போட்டுவிடாதீர்கள். அந்த முப்பது வினாடியும் சென்சாரைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள், நடந்து போகிறவர் நடந்து போய்விடுவார்.

பெறும் போர்டில் ‘கடைசியாகக் கேட்டது’ என்று ஒரு மாறி. 11 வந்தாலும் 12 வந்தாலும் அப்போதைய இயங்கு நேரத்தை அதில் குறித்துக்கொள்ளட்டும். இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 100,000 மில்லிவினாடியைத் தாண்டினால் அனுப்பும் போர்டு காணவில்லை என்று பொருள்: திரையில் பெருக்கல் குறி, அவ்வப்போது ஒரு சின்ன பீப். ஏன் நூறு வினாடி? 12 ஒன்றோ இரண்டோ தொலைவது சாதாரணம். தொடர்ந்து மூன்று தொலைந்தால்தான் கவலைப்பட வேண்டும். முப்பத்தைந்து வினாடி வைத்தவர்கள் பொய் எச்சரிக்கையில் எரிச்சலடைந்து இரண்டாம் நாளே அந்தப் பகுதியை நீக்கிவிடுகிறார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உயிர்ச் செய்தி தனி லூப்பில் ஓடுவதால், சென்சாரைப் பார்க்கும் லூப் எங்காவது சிக்கி நின்றாலும் 12 மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சென்சார் லூப் ஒவ்வொரு சுற்றிலும் ‘பார்த்தேன்’ என்ற மாறியை 1 ஆக்கட்டும். உயிர்ச் செய்தி லூப் அது 1 என்றால் மட்டும் 12-ஐ அனுப்பி, உடனே 0 ஆக்கிவிடட்டும். சென்சாரைப் பார்க்கும் வேலை நின்றால் உயிர்ச் செய்தியும் நிற்கும்.

இன்னும் ஒன்று மிச்சம். போர்டு உயிரோடு இருக்கிறது, லூப் ஓடுகிறது, சென்சாரின் வயர் கழன்றுவிட்டது. பின்னைக் கீழ்நோக்கி இழுத்து வைத்திருப்பதால் 0 வருகிறது. அதாவது ‘யாரும் இல்லை’. உயிர்ச் செய்தியால் இதைப் பிடிக்க முடியாது. தினமும் யாராவது கட்டாயம் நடக்கும் இடம் என்றால் வழி இருக்கிறது: 24 மணி நேரம், அதாவது 86,400,000 மில்லிவினாடி, ஒரு 11-கூட வரவில்லையென்றால் பெறும் போர்டு கேள்விக்குறி காட்டட்டும். அபூர்வமாக ஆள் வரும் இடமென்றால், நீங்களே தினம் ஒருமுறை முன்னால் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

9. பெறும் போர்டின் வேலைகள்

ரேடியோவில் எண் வந்ததும் ஓடும் பிளாக்கைக் குட்டியாக வையுங்கள்: நேரத்தைக் குறி, 11 என்றால் பதில் அனுப்பு, புதிய நடமாட்டமானால் எண்ணிக்கையை ஒன்று கூட்டி ‘எச்சரிக்கை’ மாறியை 1 ஆக்கு. அவ்வளவுதான். ஓடும் எழுத்து, பாட்டு எல்லாம் அங்கே வேண்டாம். திரையில் எழுத்து நகர்ந்து முடிய வினாடிகள் ஆகும்; அதுவரை அடுத்த செய்தி காத்திருக்கும் அல்லது தவறிப்போகும், பதிலும் தாமதமாகும். ஒலியும் படமும் எப்போதும் ஓடும் லூப்பில் இருக்கட்டும். அது ‘எச்சரிக்கை’ மாறியைப் பார்த்து நடக்கும்.

எண்ணிக்கையைத் திரையில் நிற்க வையுங்கள். பீப் அடித்தபோது நீங்கள் அறையில் இல்லாவிட்டாலும் திரும்பி வந்ததும் மூன்று முறை ஆள் வந்தது தெரியும். பட்டன் ஏ அழுத்தினால் அது பூஜ்யமாகட்டும்.

மூலையில் ஒரு புள்ளி விட்டுவிட்டு எரியட்டும். பெறும் போர்டே நின்றுபோனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

10. மாட்டும் இடம்

பி.ஐ.ஆருக்குள் வெப்பத்தை உணரும் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் மாறும்போதுதான் அது தூண்டப்படும். நேராகச் சென்சாரை நோக்கி வருகிறவர் அந்த வித்தியாசத்தை அதிகம் மாற்றுவதில்லை. குறுக்கே போகிறவர் சட்டென்று மாற்றுகிறார். ஆகவே நடைபாதையின் முனையில் எதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பார்க்காது. உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். வெயில் நேராக விழும் இடம், ஏசி காற்று வரும் திசை, அடுப்பு, அசையும் திரைச்சீலை எல்லாம் பொய் எச்சரிக்கை தரும். சுற்றுப்புறமே உடல் வெப்பத்தை நெருங்கும் கடும் வெயில் நாளில் எட்டும் தூரம் குறையும். லென்ஸின் ஒரு பக்கத்தில் நாடா ஒட்டினால் அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்காது. பொய் எச்சரிக்கையைக் குறைக்க எனக்குத் தெரிந்து மிக எளிய வழி இது.

சென்சாரை மைக்ரோபிட்டின் ஆன்டெனா மூலையை ஒட்டி வைக்காதீர்கள். வயரின் நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். ரேடியோ அலை மிகப் பக்கத்தில் இருந்தால் சில பி.ஐ.ஆர் சென்சார்கள் அதனாலேயே தூண்டப்படும், எச்.சி-எஸ்.ஆர்501 குறிப்பாக. இதைக் கண்டுபிடிக்க நம்மிடம் நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது: சரியாக முப்பது வினாடிக்கு ஒருமுறை நடமாட்டம் வந்தால், உயிர்ச் செய்தி கிளம்பும் ஒவ்வொரு முறையும் சென்சார் ஏமாறுகிறது என்று பொருள்.

11. மின்சாரம்

ரேடியோ எந்நேரமும் விழித்திருப்பதால் இரண்டு சிறிய பேட்டரி நாள் கணக்கில்தான் தாங்கும், மாதக் கணக்கில் தாங்காது. நிரந்தரமாக வைப்பதென்றால் யூஎஸ்பி வழியே கொடுங்கள்.

பேட்டரியில் இன்னொரு மறைவான ஆபத்து உண்டு. மைக்ரோபிட் 1.8 வோல்ட் வரை ஓடும், ஏஎம்312-க்கோ 2.7 வேண்டும். பேட்டரி இறங்க இறங்க முதலில் சாவது சென்சார். போர்டு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், இரண்டு சேர்ந்தாலே 2.4-தான். சார்ஜ் மீதி இருக்கும்போதே சென்சாருக்குப் போதாது என்று ஆகிவிடும்.

பவர் பேங்குகளிலும் சில சரிப்படாது. எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். வாங்குமுன் கையில் இருப்பதில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

12. நம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மாட்டிய இடத்திலேயே, வரிசையாகச் செய்யுங்கள். அனுப்பும் போர்டின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். நூறு வினாடியில் பெருக்கல் குறி வர வேண்டும். மறுபடி செருகினால் குறி தானாகப் போக வேண்டும். அடுத்து பெறும் போர்டை அணைத்துவிட்டுச் சென்சார் முன்னால் நடங்கள்; அனுப்பும் போர்டின் திரையில் பெருக்கல் குறி வர வேண்டும். பிறகு பத்து முறை குறுக்கே நடங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே கால் நிமிடம் விட்டு. எண்ணிக்கை பத்து காட்ட வேண்டும். பதினொன்று என்றால் ஏழாவது படியின் இரண்டு வினாடி விதியைப் பாருங்கள். ஏழு, எட்டு என்றால் ரேடியோவா சென்சாரா என்று அனுப்பும் போர்டின் திரை சொல்லும்.

கடைசியாக, யாரும் நடக்காத ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால் பத்தாவது படிக்குத் திரும்புங்கள். இந்த இரவுச் சோதனையைத் தாண்டாத கருவியை வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள். நாலு பொய் எச்சரிக்கை கேட்டவர் ஐந்தாவது உண்மையானதாக இருந்தாலும் எழுந்து போக மாட்டார்.

ஒரு கட்டுப்பாடும் சொல்லியாக வேண்டும். இந்த ரேடியோவில் மறையாக்கம் கிடையாது. உங்கள் குழு எண்ணையும் அலைவரிசையையும் கண்டுபிடித்த யாரும் கேட்கலாம், 12-ஐப் போலியாகவும் அனுப்பலாம். பூட்டைத் திறக்க, மூட இதைப் பயன்படுத்த வேண்டாம்.

13. இரண்டாவது சென்சாரைச் சேர்க்கும்போது

அனுப்பும் புரோகிராமை நகலெடுத்து 11, 12, 13 இருக்கும் இடங்களில் 21, 22, 23 என்று மாற்றுங்கள். 13-ஐ மறந்துவிட்டால், முதல் அனுப்பிக்கு வந்த பதிலை இரண்டாவது தனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டு முயற்சியை நிறுத்திவிடும். பெறும் போர்டில், வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் எந்த அனுப்பி என்பதும், மீதியில் என்ன செய்தி என்பதும் கிடைக்கும். ‘கடைசியாகக் கேட்டது’ மாறியும், இரண்டு வினாடி விதிக்கான நேரமும் ஒவ்வொரு அனுப்பிக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால் ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றின் குரல் அதை மறைத்துவிடும். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் எந்த அனுப்பி என்ற எண்ணையும் மாறி மாறிக் காட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது படியின் சோதனைகளை இரண்டு அனுப்பிகளையும் வைத்து மீண்டும் முதலிலிருந்து செய்யுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு சென்சார் முன்னாலும் நடப்பதையும் சேர்த்து.